உன் பெயர் எழுதிய டியூப்

பிப்ரவரி 11

அன்பு மருமகள் பொடிசுக்கு,

என் கையெழுத்தை முதலில் மன்னித்துவிடு. ஓர் எழுத்து யானை மாதிரி இருக்கும், பக்கத்திலேயே அடுத்தது எறும்பு மாதிரி இருக்கும். வரி போகப் போக மேலே ஏறும். காலமெல்லாம் லிஃப்ட் ஓட்டிய கை, நேராகப் போ என்றாலும் மேலேதான் போகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். இப்போது விளக்குப் போட்டாகிவிட்டது. இன்னும் முதல் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

நானும் உன் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

ஆமாம், உன் மாமாவேதான் எழுதுகிறேன். யாரையும் பிடித்து எழுதி வாங்கவில்லை. நூலகத்துப் பின்னறையில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. இத்தனை நாள் யாராவது எவ்வளவு படித்தீர்கள் என்று கேட்டால் ஒன்பதாவது வரை என்று சொல்லிவிடுவேன். பொய்யில்லை, எங்கள் கட்டடத்தில் ஒன்பது மாடிதானே. எண்களுக்கு அப்பால் எனக்கு எதுவும் தெரியாது. இப்போது கடைப் பலகை, மருந்து அட்டை, பேருந்தின் நெற்றி எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடக்கிறேன். "ஏங்க, மெதுவா படிங்க, பைத்தியம்னு நினைப்பாங்க" என்று உன் அத்தை என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

போன மாதம் இங்கே கல்லீரல் முகாம் நடந்ததல்லவா? உங்கள் ஆய்வுக்கூடத்துக்காக எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேனும் பார்த்தார்கள். இருவருக்கும் ஒன்றும் இல்லை. அந்த மஞ்சள் காமாலைக் கிருமி மட்டும் பழையபடி இருவர் ரத்தத்திலும் இருக்கிறதாம். ஒரே குடைக்குள் நடக்கிற மாதிரி ஒரே கிருமியோடு வாழ்கிறோம். அதற்கான மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறோம்.

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். டியூபில் ஒட்டிய வெள்ளைத் தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. மேசைமேல் பேனா இருந்தது. "பொடிசு" என்று எழுதிவிட்டேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "ஐயோ தாத்தா, அதுல கிறுக்காதீங்க!" என்று கத்தினாள். கிறுக்கலா! மூன்று எழுத்து, ஒன்றுகூடப் பிழையில்லை. அது உன் கைக்கு வந்ததா?

போன் செய்யாதே. போன் உன் அத்தையிடம்தான் இருக்கும். தான் வேலை பார்க்கிற தையல் கடையின் பட்டன் கதையை முழுக்கச் சொல்லி முடித்து அவள் என்னிடம் தருவதற்குள் உனக்கு வேலை வந்துவிடும். என் காதும் பாதிதான் கேட்கிறது. கடிதம் என்றால் முழுக்க எனக்கு.

உன் பதிலைப் படிக்கக் காத்திருக்கும்,
மாமா

பிப்ரவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். (ஒருவேளை தப்பினால் மறுவேளை சேர்த்துச் சாப்பிடுகிறேன்.) உங்கள் காதுக்கும், அத்தை போனில் சொன்ன தோள்வலிக்கும் என்ன பார்க்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றே படித்தேன். கண் கலங்கிவிட்டது. கையெழுத்துக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் டாக்டர்கள் எழுதுவதை நீங்கள் பார்க்க வேண்டும்.

டியூப் வந்தது. குளிர்பெட்டியைத் திறந்ததும் வரிசையாக எண்கள், நடுவில் என் பெயர்! சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆனால் நீங்கள் செய்தது தப்பு, மாமா. எந்த டியூப் யாருடையது என்று எனக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் என் கண் அதை மட்டும் வேறு மாதிரி பார்க்கும். எங்கள் தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு, "சரி, அந்த எண்ணை மறந்துடு" என்றார். மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தை வைத்து என்ன செய்கிறேன் என்று போனமுறை அத்தை கேட்டாள். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் தனக்குள் எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று குட்டிக் குட்டிக் கட்டளைகள் போட்டுக்கொள்கிறது. அவற்றில் மிகச் சிறியவற்றுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர். இந்தக் கிருமி பல வருடம் தங்கிய கல்லீரலில் சிலருக்குப் புற்றுக்கட்டி வரும். கட்டி சின்னதாக இருக்கும்போது ஸ்கேனின் கண்ணில் படாமல் போகலாம். ஆனால் அதன் செல்கள் விடுகிற மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தத்தில் கலந்துவிடும். சில வகை கூடும், சில வகை குறையும். அதைப் பார்த்துக் கட்டியை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் ஆய்வு. முடியும் என்று நாங்கள் இன்னும் நிரூபிக்கவில்லை. அதனால் யாருக்கும் முடிவைச் சொல்ல மாட்டோம். முகாமில் கையெழுத்து வாங்கும்போது அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போடும் மகிழ்ச்சியில் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அத்தைக்கு என் முத்தம்.

உங்கள் பொடிசு

மார்ச் 9

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே இருவரும் நலம். அத்தைக்கு வலது தோளில் வலி அப்படியேதான் இருக்கிறது. ஊசி பிடிக்கிற கை, அப்படித்தான் வலிக்கும் என்கிறாள்.

உன் கடிதத்தைப் படிக்க எனக்கு ஒரு முழு மாலை ஆனது. புரிந்தும் விட்டது. பழைய லிஃப்டில் என் தலைக்கு மேல் ஒரு பலகை இருந்தது. ஐந்தாம் மாடியில் ஒருவர் பட்டனை அழுத்தினால் ஐந்தாம் எண்ணின் தகடு டக்கென்று விழும். ஆளை நான் பார்க்கவில்லை, ஆனால் அங்கே ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். நீ ரத்தத்தில் பார்ப்பது அந்தத் தகட்டைத்தானே?

அத்தைக்கு விளக்கிச் சொன்னேன். "அவ அவ்வளவு படிச்சு உங்க லிஃப்ட் வேலையைத்தான் பாக்குறாளா?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாதே, உன் முத்தத்தையும் நான்தான் படித்துக் காட்டினேன். "அதை எதுக்குங்க ஊருக்கே கேக்கிற மாதிரி கத்துறீங்க?" என்று கதவைச் சாத்தினாள்.

இப்போதெல்லாம் கடை வேலை முடிந்ததும் தன் உடைகளை எடுத்துவைத்துப் பக்கவாட்டில் பிடித்துத் தைக்கிறாள். துணி துவைத்துத் துவைத்துத் தளர்ந்துவிட்டதாம். நானும் மெலிந்தால் என் சட்டைகளுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கும்.

நீ நூல் பிடித்த மாதிரி எழுதுகிறாய். நானும் ஒருநாள் அப்படி எழுதுவேன்.

ஆசிகளுடன்,
மாமா

ஏப்ரல் 30

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை.

ஒன்று கேட்கிறேன். ஏன் என்று கேட்காமல் செய்யுங்கள். இத்துடன் ஒரு டாக்டரின் முகவரி வைத்திருக்கிறேன். கல்லீரல் டாக்டர். உங்களுக்குக் கிருமி இருக்கிறது, வயதாகிவிட்டது, அதனால் சாயம் ஏற்றி எடுக்கிற பெரிய ஸ்கேன் வேண்டும் என்று கேளுங்கள். முகாமில் பார்த்தது போதும் என்று இருந்துவிடாதீர்கள். மே மாதத்துக்குள் போய்விடுங்கள். தனியாகப் போகாதீர்கள், அத்தையைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.

வேறு ஒன்றும் இல்லை. உண்மையிலேயே வேறு ஒன்றும் எழுத முடியவில்லை.

பொடிசு

மே 27

அன்பு மருமகளுக்கு,

எல்லோரும் நலம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், நீ கீழே தேட வேண்டாம். ஸ்கேன் எடுத்தாயிற்று. ஈரல் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறதாம். கட்டி எதுவும் இல்லை.

நீ ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் தகடு விழுந்திருக்கிறது என்று எனக்குப் புரியாதா? உன் கடிதத்தைப் படித்த அன்று வகுப்புக்குப் போகவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து யோசித்தேன். இவ்வளவு காலம் கழித்து எழுத்து கைக்கு வந்திருக்கிறது, இன்னும் ஒரு கதைப் புத்தகம்கூட முழுதாகப் படிக்கவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் உன் அத்தை தனியாகிவிடுவாளே என்று தோன்றியது. இந்த வரிசையில் தோன்றியதை அவளிடம் சொல்லிவிடாதே.

அவளிடம் காது டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று பொய் சொன்னேன். அங்கே போனதும் என்னைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.

"காது கேக்காததுக்கு வயித்துல ஸ்கேனா?" என்றாள்.

"எல்லாம் உள்ள ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததுதான்" என்றேன்.

"அப்போ உங்க வாய்க்கும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்க."

உள்ளே ஒரு பெரிய வளையம். கையில் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் வெந்நீர் ஓடியது போல இருந்தது. ஒரு குரல் மூச்சைப் பிடி, மூச்சை விடு என்று அதட்டியது. வெளியே வந்தால் உன் அத்தை பெஞ்சில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி இருக்கிறாள். முகம் வெளிறியிருந்தது. ஒரு நர்ஸ் குனிந்து, "நீங்களும் பேஷன்ட்டாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, நான் துணைக்கு வந்தேன்" என்றாள் இவள்.

மூன்று பேருந்து மாறி வந்த களைப்பு. வரும் வழியில் ரொட்டி வாங்கித் தந்தேன், பாதியை என்னிடமே தந்துவிட்டாள்.

நீ நிம்மதியாகத் தூங்கு.

கட்டியில்லாத உன் மாமா

ஜூன் 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முதல் வரிக்கு நன்றி. அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

நீங்கள் புரிந்துகொண்டதைப் பற்றி நான் ஆம் என்றும் எழுதக்கூடாது, இல்லை என்றும் எழுதக்கூடாது. இந்தச் சோதனை தப்பாகவும் சொல்லலாம். தப்பாகச் சொல்கிறதா என்று பார்க்கத்தான் ஆய்வே நடக்கிறது. யாருக்காவது முடிவைச் சொல்லலாமா என்று தலைவியிடம் போய்க் கேட்டேன். "ஒருத்தருக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லணும். நோயே இல்லாத எத்தனை பேர் பயந்து சாவாங்கன்னு யோசிச்சியா?" என்றார். அவர் சொல்வது சரி.

இன்னும் ஒரே ஒருமுறை எனக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்துக் காந்த ஸ்கேன். அந்த டாக்டருக்கே நான் எழுதிவிட்டேன். இன்னும் சின்னதைக்கூட அது காட்டும்.

அத்தைக்குத் துணைக்கு வரக் கஷ்டமாக இருந்தால் வகுப்பு நண்பர் யாரையாவது அழைத்துப் போங்கள்.

பொடிசு

ஆகஸ்ட் 19

அன்பு மருமகளுக்கு,

மறுபடியும் முதல் வரி: ஒன்றும் இல்லை! டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க ஈரல் உங்களை விட நல்லா இருக்கு" என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாதாரண ஸ்கேன் போதுமாம்.

காந்த ஸ்கேன் என்கிறாயே, அது ஸ்கேனா? தலையில் தகரப் பெட்டியைக் கவிழ்த்து வெளியே நாலு பேர் சுத்தியலால் அடிப்பது போல இருந்தது. பாதிக் காது கேட்காதது எவ்வளவு வசதி என்று அன்றுதான் தெரிந்தது.

துணைக்கு அத்தைதான் வந்தாள். வேறு யாரையும் கூப்பிடவிடவில்லை. மருத்துவமனையில் லிஃப்ட் பழுது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன, ஏற முடியலையா?"

"உங்களை மாதிரி ஊர் சுத்த நான் என்ன குமரியா? நீங்க போங்க, நான் இங்கேயே இருக்கேன்."

நான் இறங்கி வரும்வரை அந்தப் படியிலேயே இருந்தாள். இப்போதெல்லாம் மாலையில் அவளுக்குப் பதில் நான்தான் கடைச் சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிறேன். என் எழுத்தைவிட என் பட்டன் நேராக இருக்கிறதாம். வெயில் காலம் போனால் அவளுக்குப் பசியும் வந்துவிடும்.

நேற்று ஒரு கதைப் புத்தகத்தை முழுதாகப் படித்து முடித்தேன். குழந்தைகள் புத்தகம்தான். நரி கடைசியில் ஏமாந்துவிடுகிறது.

மகிழ்ச்சியுடன்,
மாமா

செப்டம்பர் 2

என் அன்புள்ள மாமாவுக்கு,

நரி ஏமாந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. நீங்கள் இருவரும் இன்னும் பல காலம் இப்படியே சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும்.

இனி சொன்னால் பாவம் இல்லை. முடிந்த கதை. என் பெயர் எழுதிய டியூபின் எண்ணை என்னால் மறக்க முடியவில்லை, மாமா. ஏப்ரலில் கணக்கெல்லாம் வந்தபோது, கூட வேண்டிய வகைகள் அந்த ஒரு டியூபில் எக்கச்சக்கமாகக் கூடியிருந்தன. கட்டி உள்ளவர்களின் ரத்தத்தில் எப்படி இருக்குமோ அப்படியே. மூன்று முறை திருப்பிச் செய்தேன். மூன்று முறையும் அதேதான். அன்றிலிருந்து உங்களைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

இரண்டு ஸ்கேனும் சுத்தம் என்று வந்த பிறகு தலைவியிடம் சொன்னேன். "பாத்தியா? இதுக்குத்தான் சொல்லக்கூடாதுங்கிறது. அது தப்பா அடிச்ச மணி" என்றார். எங்கள் சோதனை தோற்றதற்கு நான் மட்டும் கழிவறைக்குப் போய் மகிழ்ச்சியில் அழுதேன். தன் வேலை பொய்த்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

இனி ஸ்கேன், டாக்டர் என்று உங்களைத் துரத்த மாட்டேன். பெரிய புத்தகமாகப் பார்த்து எடுத்துப் படியுங்கள்.

உங்கள் பொடிசு

செப்டம்பர் 10

பொடிசு,

உன் கடிதத்தைப் படித்தேன். மறுபடி படித்தேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்.

நான் படிக்கப் புதியவன். ஒரு சொல்லை வேறு சொல்லாகப் படித்துவிடுவேன். வகுப்பில் அதற்கு என்னைக் கேலி செய்வார்கள். இதையும் தப்பாகத்தான் படித்திருக்க வேண்டும். உன் பெயர் எழுதிய டியூப் என்று எழுதியிருக்கிறாயா? அந்த டியூபில்தான் கூடியிருந்தது என்று எழுதியிருக்கிறாயா?

என் ரத்தத்தை முதலில் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அப்போது எனக்கு இந்த யோசனையே வரவில்லை. அடுத்து உன் அத்தை உட்கார்ந்தாள். அவளுக்கு ஊசி என்றால் பயம். கண்ணை இறுக மூடிக்கொண்டு என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைச் சிரிக்க வைக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. அவள் டியூப் மேசைமேல் இருந்தது. என் வலது கை சும்மா இருந்தது. எழுதிவிட்டு, "பார், உன் ரத்தம் நம்ம பொடிசுகிட்டதான் போகுது" என்றேன். அவள் கண்ணைத் திறந்து சிரித்தாள்.

நான் தப்பாகப் படித்திருக்கிறேன் என்று உடனே எழுது. அவள் உள்ளே தூங்குகிறாள். மாலை நேரத்தில் தூங்கும் பழக்கம் அவளுக்கு முன்பு கிடையாது.

மாமா

செப்டம்பர் 14

மாமா,

நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

கடிதம் வந்ததும் போன் செய்தேன். அத்தைதான் எடுத்தாள். "உங்க மாமா கிளாஸுக்குப் போயிட்டார். பட்டம் வாங்காம வீட்டுக்கு வரமாட்டார் போல. நீ சாப்பிட்டியா?" என்றாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எனக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன்." நீங்களும் அந்த டாக்டரை ஒருதரம் பாருங்கள் அத்தை என்றேன். "அதான் அவருக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே, நான் எதுக்கு?" என்றாள். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

தலைவியிடம் சொன்னேன். விதியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "கிளம்பு" என்றார்.

சனிக்கிழமை வருகிறேன். அதுவரை அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். பளுவான எதையும் தூக்கவிட வேண்டாம்.

பொடிசு

அக்டோபர் 8

அன்பு மருமகளுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? அன்று ரயிலில் ஏறும்போது உன் கை சில்லென்று இருந்தது. காய்ச்சல் ஏதும் இல்லையே? நான் நலம். அத்தையைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

அவளுடைய ஸ்கேன் முடிவு வந்த அன்று, டாக்டரின் அறைக்கு வெளியே நின்று உறையைப் பிரித்து நீ படித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எவ்வளவு வேகமாகப் படிப்பவள்! அன்று என்னைப் போல மெதுவாகப் படித்தாய். கடைசி வரிக்கு வந்த பிறகு மறுபடி முதல் வரிக்குப் போனாய். நான் உன் பையை வாங்கிக்கொண்டேன்.

நீ போன மறுவாரம் டாக்டர் எங்களை மறுபடி வரச் சொன்னார். கட்டி பெரிதாகி ரத்தக்குழாய்க்குள் இறங்கிவிட்டதாம். அறுத்து எடுக்க முடியாது. தோள் வலிக்கும் அதுதான் காரணமாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். கட்டியைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்குமாம்.

"ஏம்மா, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக்கூடாதா? உங்க வீட்டுக்காரர்தான் ரெண்டு தடவை இங்க வந்தாரே" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். உன் அத்தைதான் பதில் சொன்னாள். "வந்தேனே டாக்டர். வெளியில பெஞ்சிலதான் இருந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை. அவர் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள். டாக்டர் அப்புறம் மே மாதத்தைப் பற்றி ஒன்று சொன்னார். அதை எழுதுவதற்கான எழுத்துகள் எல்லாம் எனக்குத் தெரியும். எழுதவில்லை.

அந்த எண்ணைத் தப்பானவற்றிலிருந்து எடுத்துச் சரியானவற்றோடு சேர்த்துவிட்டதாக ரயில் நிலையத்தில் சொன்னாய். உன் வேலை வென்றது என்று நான் சொல்ல வேண்டும். வேறொரு நாள் சொல்கிறேன்.

பதில் எழுது.

மாமா

நவம்பர் 21

அன்பு மருமகள் பொடிசுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். என் போன கடிதத்துக்கும் பதில் இல்லை, அதற்குப் பிறகு போட்ட தபால் அட்டைக்கும் பதில் இல்லை. போனில் பேசும்போதும் அத்தையிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறாயாம். உன்மேல் எனக்குக் கோபம் என்று நினைக்கிறாயா? பேனாவை எடுத்தது நான். அதற்காக உன்மேல் கோபப்பட முடியுமா? நீயும் என்மேல் கோபப்படாதே. நாம் இரண்டு பேரும் மாறி மாறி வாயை மூடிக்கொண்டால் இந்த வீட்டில் பேச ஆளே இல்லை.

அத்தை இருக்கிறாள். மாத்திரை உள்ளங்கால் தோலை உரிக்கிறது. நடக்க முடியவில்லை. அதனால் கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறேன். சூப் கொஞ்சம் குடிக்கிறாள். கண் மஞ்சளாகிவிட்டது. அவள் வலியில் முனகும்போது நான் செய்ய ஒன்றுமே இல்லை, பொடிசு. தலையணையை அந்தப் பக்கம் வைக்கிறேன், இந்தப் பக்கம் வைக்கிறேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறேன். வேண்டாம் என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கிறேன். பழைய காலத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பேன். ஆள் வருகிறார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்பேன். யாரும் வருவதாக எனக்கே தெரியாது. ஆனாலும் பேசுவேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன்.

நேற்று அவளுக்கு ஓர் ஆசை வந்தது. "அவ எழுதின லெட்டரெல்லாம் எடுங்க. நீங்க பாதியை முழுங்கிட்டுத்தான் படிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். இப்ப முழுசாப் படிங்க" என்றாள்.

எடுத்தேன். பிப்ரவரிக் கடிதத்தை முழுதாகப் படித்தேன். முத்தம் என்ற இடத்தில் நிறுத்தினேன். "அதையும் படிங்க, இப்ப யார் கேட்டா என்ன?" என்றாள். படித்தேன். அடுத்து அவளே கட்டிலிலிருந்து கை நீட்டி ஒரு தாளை உருவினாள். ஏப்ரலில் நீ எழுதியது.

"இது ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு? இதுல என்ன எழுதியிருக்கா?"

தாளைக் கையில் வாங்கினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. அத்தையைத் துணைக்கு அழைத்துப் போங்கள் என்று எழுதியிருந்தது.

"என்னங்க?"

"படிக்க வரலை" என்றேன்.

"என்னது?"

"எழுத்து ஒண்ணும் பிடிபடலை. அவசரத்துல கிறுக்கியிருக்கா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் சிரித்தாள். "இத்தனை நாள் கிளாஸுக்குப் போய் கிழிச்சது இதுதானா? தெருவுல இருக்கிற போர்டையெல்லாம் படிச்சு மானத்தை வாங்குனீங்களே!" என்றாள். அப்புறம் அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கி, மடித்து, மற்றவற்றோடு சேர்க்காமல் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

இனி நீ எழுதும் கடிதங்களை நான் ஒரு சொல் விடாமல் உரக்கப் படிக்க முடிய வேண்டும். அப்படி எழுது. ஆய்வுக்கூடத்தில் யார் யாரோடு சண்டை, நீ என்ன சமைத்துக் கருக்கினாய் என்று எழுது. மதியத்திலிருந்தே அவள் தபால்காரரின் மணிக்குக் காது வைத்துப் படுத்திருக்கிறாள். வெறும் கையோடு நான் உள்ளே வருவதை அவள் பார்க்கக்கூடாது.

அவளும் உனக்கு ஒரு கடிதம் சொல்ல வேண்டுமாம், நான் எழுத வேண்டுமாம். தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அன்புள்ள பொடிசுக்கு" என்றாள். எழுதினேன். வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மிச்சத்தை அடுத்த வாரம் சொல்றேன், இப்பத் தூக்கம் வருது" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தத் தாள் அப்படியே மேசைமேல் இருக்கிறது. ஒரு வரிதான் ஆகியிருக்கிறது. அடுத்த வாரம் அவள் சொல்லுவாள். நானும் எழுதுவேன்.

மாமா